குளவி வந்து தேடுகிறது

மறுபடியும் வந்துவிட்டது. ஜன்னல் கொசுவலையின் கிழிந்த மூலை வழியாகத்தான் வருகிறது, அந்த வழி அதற்குப் பழகிவிட்டது. வந்ததும் நேராகப் பரணுக்கு அடியில் போய் இறங்குகிறது, இறங்கிய இடத்தில் நடக்கிறது, மீசையால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது, எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் இறங்குகிறது. இது நாலாவது தடவை. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் என்னை அது ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. நான்தான் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் ஒரு இனிப்பு டப்பாவின் மூடியை வைத்துக்கொண்டு, சுருங்கிப்போய் இருக்கிறேன். மூடியில் அதனுடைய வீடு இருக்கிறது. உடைந்த மண், கொஞ்சம் தூள், உடையாத ஒரு அறை, பதினேழு சிலந்திகள். பதினேழுதான், இரண்டு தடவை எண்ணிவிட்டேன், எண்ணுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனால் கண் சும்மா இருந்தால் நினைப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறது. வேணியும் மாப்பிள்ளையும் காலையிலேயே போனார்கள். "சும்மா ஒரு செக்கப்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை, யாருக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேணி லிஃப்ட் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். மகளுடைய வீட்டில் வந்து இருக்கும் தகப்பன் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை, அதனால் நான் எதையுமே கேட்பதில்லை, அது எனக்கும் சௌகரியம், அவர்களுக்கும் சௌகரியம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். குளவி சுவரை விட்டு எழும்பிவிட்டது. விளக்குக் குழாயில் ஒரு தடவை மோதுகிறது. கண்ணாடியில் நகத்தால் சுண்டுவதுபோல் ஒரு சின்னச் சத்தம். போய்விட்டது. போனது திரும்ப வரும். வந்து என்னைக் கேட்கும் என்று ஒரு நினைப்பு, பைத்தியக்கார நினைப்பு, பூச்சி யாரையும் கேட்காது.

அந்த ஆளிடம் நான் ஏன் இல்லை என்று சொன்னேன். பூச்சி மருந்துக்காரர், சட்டைப் பையின் மேல் ஞானராஜ் என்று தைத்திருந்தது, குடியிருப்புச் சங்கத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்திருந்தார்கள். போகும்போது மாப்பிள்ளை சொல்லிவிட்டுத்தான் போனார், "மாமா, மருந்தடிக்க வேணாம்னு சொல்லிருங்க, கரப்பானுக்குப் பேஸ்ட் மட்டும் வச்சிட்டுப் போகட்டும், வாசனை ஆகாது." சொல்லும்போது குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே கட்டியிருந்த நாடாவை. நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டேன் என்று காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டினேன். மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், போன தடவை மாப்பிள்ளையின் அம்மா சந்தோஷத்தில் முதலிலேயே நாலு பேரிடம் சொல்லி, பிறகு அந்த நாலு பேரும் ஒவ்வொருவராகக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேணி இளைத்துப்போனாள். சரி, அது வேறு. அந்த ஆள் வந்தார், பெரிய குரல், வாசலிலேயே நின்று பாட்டுப் போல ஒப்பித்தார், "பெரியவரே, வீட்ல சின்னப் புள்ளைங்க, மாசமா இருக்கிறவங்க, ஆஸ்துமா, நாய் பூனை யாராச்சும் உண்டா?" எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மாள் மருந்து வாசனை போகட்டும் என்று நின்று விசிறிக்கொண்டிருந்தார். நான் "இல்லை" என்றேன். "ஒண்ணுமே இல்லியா?" "ஒண்ணுமே இல்லை." "அப்ப தாராளமா அடிச்சிரலாமே." "வேணாம், பேஸ்ட் போதும். வாசனை ஆகாது." "யாருக்கு ஆகாது?" "எனக்கு." "அதைத்தானே கேட்டேன், ஆஸ்துமா இருக்கான்னு. இதுல என்ன வெட்கம் உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். நல்ல மனுஷர். அதுதான் வம்பாகப் போயிற்று. சமையலறையில் வைத்தார், குளியலறையில் வைத்தார், இந்தச் சின்ன அறைக்கு வந்ததும் மேலே பார்த்தார். "என்ன பெரியவரே, குளவியோட குடும்பம் நடத்துறீங்க." நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அடுத்ததையும் சொன்னார், "வீட்ல இது கூடு கட்டுனா வாரிசு வரப்போகுதும்பாங்க. வீட்ல யாரும் இல்லேங்கிறீங்க, அப்ப உங்களுக்குத்தான் போல." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன செய்வதென்று தெரியாத இடத்தில் எல்லாம் நான் சிரித்துத்தான் வந்திருக்கிறேன். "கொட்டிச்சின்னா உங்க மூச்சுக்குத் தாங்காது, இதுக்குக் காசு கீசு வேணாம், நம்ம கணக்கு" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் இருந்த தகட்டை எடுத்து, சுவரில் ஒட்டிய சுண்ணாம்புச் சில்லைப் பெயர்ப்பது போல, ஒரே நெம்பு. என் கை தோள் வரைக்கும் எழும்பியிருந்தது. வேண்டாம் என்ற சொல் கூடு தரையில் விழுந்த பிறகுதான் வெளியே வந்தது. "ஐயோ, கூட்டணுமேன்னு பாக்குறீங்களா, நான் கூட்டித் தரேன்." வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். ஒரு பொய், எனக்கு ஆகாது என்று. அந்தப் பொய்க்காகத்தான் அவர் என் மேல் இரக்கப்பட்டு அதைப் பெயர்த்தார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முதலில் சொன்னது பொய்கூட இல்லை, அது வேறு ஏதோ. மாசமாக இருக்கிறவர்கள் உண்டா என்று ஒரு ஆள் வாசலில் நின்று கேட்டார், இந்த வீட்டின் பெரியவன் நான், இல்லை என்று சொன்னேன், ஒன்றுமே இல்லை என்று இரண்டாவது தடவையும் சொன்னேன்.

எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அருப்புக்கோட்டையில் பஞ்சாலையில் எடைபோடும் இடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன், எட்டாம் வகுப்புதான் என்றாலும் முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவேன், பக்கத்தில் நிற்பவன் சொல்வதை எழுத மாட்டேன். குளவி மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்கிய இடமாகப் பார்த்துக் கட்டுகிறது, அவ்வளவுதான். அதற்கு இந்த வீட்டில் யார் உண்டாகியிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும். ஆனால் வேணி சொன்னாளே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மடித்த துணிகளை அலமாரியில் வைக்க வந்தவள் மேலே பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்போது ஒரே ஒரு அறைதான் கட்டியிருந்தது, இன்னும் ஈரம் காயாமல் கறுப்பாக இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல், "அப்பா, மேல குளவி கூடு கட்டியிருக்கு. ஒட்டடை அடிக்கிறப்ப கலைச்சிராதீங்க" என்றாள். துணியை வைத்தாள், போய்விட்டாள். பல்லியைக் கண்டால் பெருக்குகிற வாரியலைத் தூக்குகிறவள், கொசுவலை கிழிந்திருக்கிறது என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுகிறவள், வலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சொல்லை நான் முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கல்யாணம் ஆன இரண்டாவது வருஷம், ஆலைக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம், சண்முகத்தாய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "வாசல் நிலைக்கு மேல குளவி கூடு கட்டியிருக்கு, கலைச்சிராதீங்க" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் "ம்" என்றேன். எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான், வேணி பிறக்கிற வரைக்கும் அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை, எங்கள் இரண்டு பேருக்குமே அது போதுமாக இருந்தது. அதே சொல்லை வேணி சொன்னால் அது என்ன. சண்முகத்தாய் அவளிடம் சொல்லியிருப்பாளா. அம்மாவும் மகளும் தலை சீவிக்கொண்டு என்னென்ன பேசுவார்கள் என்று எனக்கு என்ன தெரியும், நான் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் சொல்லியிருந்தால், வேணி எனக்குத் தெரிவித்திருக்கிறாள், தெரிவித்ததோடு பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்தும் இருக்கிறாள். அவள் சொல்லியிருக்காவிட்டால், ஒட்டடை அடிக்கும்போது கூட்டைக் கலைக்காதீர்கள் என்று ஒரு மகள் சாதாரணமாகச் சொன்னாள், அவ்வளவுதான், நான் கிழவன், நானாக ஒன்றைக் கட்டிக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் காப்பியை விட்டாள். கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டால் முன்னறைக்கு எழுந்து போகிறாள். தண்ணீர்க் கேனை மாப்பிள்ளையே தூக்கி வைக்கிறார். இவை எல்லாம் நான் பார்த்தவை, பார்த்ததை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் ஒரே தொகைதான் வருகிறது. சண்முகத்தாய் இருந்திருந்தால் ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு என் காதில் சொல்லியிருப்பாள், தெரிந்ததா தெரியவில்லையா என்ற இந்த நடுவாந்தரம் இருந்திருக்காது. யார் வழியாகச் சொல்வது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை, யார் வழியாகக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை, அதனால் இத்தனை வாரம் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தினம் ஒரு தடவை ஏதாவது ஒரு சாக்கில் இந்த அறைக்கு வந்து மேலே பார்ப்பாள். நேற்றும் வந்தாள். இன்றைக்கும் வருவாள்.

சிலந்திகள் செத்துப்போகவில்லை. இது எனக்குத் தெரியாது. கூட்டுக்குள் புழு இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன், இத்தனை வயதில் ஒரு குளவிக் கூட்டையும் உடைத்துப் பார்த்ததில்லை, கலைக்காதே என்று சொன்னதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் விலகிப் போய்விடுவேன். இப்போது பார்த்தால் அறைக்கு அறை சிலந்தி, கால்களை மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக, பண்டிகைக்குச் சரக்கு அடுக்கியதுபோல். ஒரு அறையில் மட்டும் சிலந்திகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு புழு இருந்தது, அது விழுந்த வேகத்தில் நசுங்கிவிட்டது. அதைப் பற்றி நினைக்க வேண்டாம். அதைத் துணி நுனியால் எடுத்துப் பால்கனிச் செடித் தொட்டியில் புதைத்துவிட்டேன், நினைக்க வேண்டாம். இந்த வீட்டுச் சிலந்திகள் எல்லாம் எங்கே போயின என்பது இப்போதுதான் தெரிகிறது. குளியலறை ஜன்னலில் ஒன்று இருந்தது, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று, முன்னறைக் காலண்டருக்கு அடியில் தட்டையாக, பெரிதாக ஒன்று, வேணி பயப்படுவாளே என்று அவள் கண்ணில் படாமல் அதை நான் ஓரம் தள்ளிவிடுவேன். ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது என் ஒட்டடைக் கம்பு சுத்தமாக வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். இதோ காலண்டர்ச் சிலந்தி, முதுகில் அந்த வெள்ளைக் கோடு. வாரியல் ஈர்க்கால் தொட்டேன். ஒரு கால் நீண்டது, மெதுவாக, மறுபடியும் மடங்கியது. எனக்குக் கையில் இருந்த ஈர்க்கு விழுந்துவிட்டது. உயிர் இருக்கிறது, அசைவு இல்லை. கொட்டி, கொல்லாமல், அப்படியே கொண்டுவந்து படுக்கவைத்து, கதவை மண்ணால் பூசிவிட்டு, பிறக்கப்போகிற குஞ்சுக்காக. சண்முகத்தாய் பதினொரு மாதம் அப்படித்தான் கிடந்தாள். இடது கை விரல் ஒன்று மட்டும் அவ்வப்போது நீளும், மடங்கும். டாக்டர் "உணர்வு இருக்கும், பேசிக்கொண்டிருங்கள்" என்றார். என்ன பேசுவது. நாங்கள் நன்றாக இருந்தபோதே பேசிக்கொண்டவர்கள் இல்லை. வேணிதான் பேசுவாள், குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டே ஆபீஸ் கதை, பஸ் கதை எல்லாம் சொல்வாள், நான் ஊற்றின அளவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சண்முகத்தாயின் கண் பரணைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதே அறைதான், இதே கட்டில்தான். அவள் எதற்காக அந்தப் பதினொரு மாதம் இருந்தாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன், வேணிக்கு ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்திருக்கலாம், அது நடக்கவில்லை. நான் எதற்காக இருக்கிறேன் என்றும் ஒரு யோசனை வருகிறது, இந்தச் சின்ன அறையில், வேளைக்குச் சோறு, மருந்து, மின்விசிறி, கால் கையை மடக்கிக்கொண்டு. பிள்ளை வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் அழைத்துவந்தார்களோ என்று முன்பு ஒரு நாள் நினைத்து வருத்தப்பட்டேன். இன்றைக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அதற்காகவே இருந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பிள்ளை வரட்டும்.

சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பார்த்தேன். மேலே ஏறுவதற்கு நாற்காலி போட்டு, ஒரு கையால் பரணைப் பிடித்துக்கொண்டு, காலையில் வைத்த குழைந்த சோற்றை மசித்துச் சுவரில் தடவி, உடையாமல் தப்பிய அந்த ஒரு அறையை மட்டும் வைத்து அழுத்திப் பிடித்தேன், இருபது எண்ணுகிற வரைக்கும். கையை எடுத்தால் இறங்குகிறது. மறுபடியும். காகித உறை ஒட்டுகிற சோறு மண்ணை ஒட்டவில்லை. மூன்றாவது தடவை கொஞ்சம் நின்றது, நான் நாற்காலியை விட்டு இறங்கவும் அதுவும் இறங்கியது, நல்லவேளை கட்டிலில் விழுந்தது, மெத்தையில். சுவரில் இப்போது மண் தழும்போடு சோற்றுத் தழும்பும் இருக்கிறது. இதை வேணி பார்த்தால் என்ன நினைப்பாள். ஐந்தாவது தடவை குளவி வந்தபோது அந்தச் சோற்றில் உட்கார்ந்தது, காலை உதறியது, மண்ணை அங்கேயே கீழே போட்டுவிட்டுப் போனது. பட்டாணி அளவு ஈர மண், கட்டில் விரிப்பில். மாடியில் அது எங்கிருந்து மண் எடுக்கிறது என்று எனக்குத் தெரியும், பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில்தான், நான் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது வேலையைத் தொடங்கும், கால்களை ஊன்றிக்கொண்டு உறுமிக்கொண்டே மண்ணை உருட்டும், அந்த உறுமலைக் கேட்டால் மிக்ஸி ஓடுவதுபோல் இருக்கும். இன்றைக்கு இந்தக் களேபரத்தில் ஊற்றவில்லை. எங்கே போய் எடுத்துவந்ததோ. அதற்குள் மூடியில் எறும்பு. எங்கிருந்து வந்தது, இவ்வளவு நேரம் இல்லை, வரிசையாகக் கட்டில் காலில் ஏறி வருகிறது, ஒரு சிலந்தியின் காலைப் பிடித்து இழுக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் மூடியை வைத்தேன், பால் பாத்திரத்தை எறும்பிடமிருந்து காப்பாற்ற வைக்கிற மாதிரி. இப்போது சுற்றிலும் தண்ணீர், நடுவில் பதினேழு சிலந்தி, ஒரு மண் அறை. அந்த அறைக்குள் ஏதாவது இருக்குமா. காதருகே வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. கேட்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை, இதைத்தான் போன தடவையும் ஒரு டாக்டர் சொன்னாராம், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றாராம், மாப்பிள்ளை தொலைபேசியில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு வாரத்திற்குப் பிறகு ஒரு நாள் விடியற்காலையில் மாப்பிள்ளை தாமே படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தார். எந்திரத்தில் போடாமல் கையால். நான் பல் விளக்கப் போனவன் திரும்பி வந்துவிட்டேன். "வேணிக்கு உடம்பு சரியில்லை மாமா" என்றார். நான் "ம்" என்றேன். அந்த "ம்" அன்றைக்குப் போதவில்லை.

மணி அடிக்கிறது. என் கைப்பேசி. தட்டைக் கீழே வைத்துவிட்டு எடுப்பதற்குள் நின்றுவிட்டது, திரும்ப அடித்தது. "மாமா, கொஞ்சம் லேட்டாகுது. நீங்க சாப்பிட்டிருங்க." "சரி மாப்பிள்ளை." "ஞானராஜ்னு ஒருத்தர் வந்தாரா?" "வந்தாரு. பேஸ்ட் வச்சிட்டுப் போனாரு." "அடிக்கலையே?" "இல்லை." மறுபடியும் இல்லை. அவர் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், பின்னால் யாரோ ஒரு நம்பரைக் கூப்பிடும் சத்தம்தான் இருந்தது. ஏன் லேட்டாகிறது. நல்லதாக இருந்தால் ஏன் லேட்டாகிறது. கூட்டமாக இருக்கலாம், சனிக்கிழமை கூட்டமாகத்தான் இருக்கும். கூடு விழுந்த நேரத்தில் அவள் அந்த ஸ்கேன் மேசையில் படுத்திருந்தாளா. ஞானராஜ் வந்தது பத்தே முக்கால், போனது பதினொன்று பத்து, நடுவில்தான். இந்தக் கணக்கைப் போடக் கூடாது. போட்டால் ஒரு பக்கம் தகடு, ஒரு பக்கம் என் பிள்ளையின் வயிறு, நடுவில் முள். நான் நம்பாதவன். நம்பாதவனுக்கு ஏன் உள்ளங்கை வேர்க்கிறது. நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தோம், பேசாமல் இருந்தால் கெட்டது காதில் விழாது, கண் படாது, அது நல்லது என்று இருந்தோம், பேசாமல் இருந்ததாலேயே இன்றைக்கு ஒரு கெட்டது உள்ளே வந்து ஏணிகூட வேண்டாம் என்று எட்டிப் பெயர்த்துவிட்டுப் போயிருக்கிறது. "அதைத் தொடாதீர்கள், என் மகள் உண்டாகியிருக்கிறாள்." எத்தனை சொல், ஐந்தோ ஆறோ. இப்போது தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அறை சின்னது, திரும்பி வந்து என் மேலேயே விழுகிறது. என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருக்கிறது. சாப்பிடவில்லை. அவர்கள் வரும்போது இலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

லிஃப்ட் நிற்கிற சத்தம். மூன்றாவது மாடியில் நின்றால் ஒரு முனகல் முனகும், இதுதான் அது. சாவி. மாப்பிள்ளையின் குரல், "செருப்பை நான் எடுத்து வைக்கிறேன், நீ போ." நான் எழுந்து நிற்கிறேன், உட்காருகிறேன், தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாமா என்று குனிகிறேன், குனிந்தவன் அப்படியே நிமிர்ந்துவிட்டேன், தள்ளவில்லை. வேணி முகம் கழுவுகிற சத்தம். தண்ணீர் நிற்கிறது. வருகிறாள். முகத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே வந்தவள் வாசலில் நின்று, வழக்கம்போல் மேலே பார்த்தாள். துண்டு முகத்திலேயே நின்றுவிட்டது.

"எங்கப்பா?"

நான் தட்டைக் காட்டினேன். அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். சிலந்திகளைப் பார்த்ததும் பின்னால் நகர்வாள் என்று நினைத்தேன், நகரவில்லை.

"அந்த ஆள் பெயர்த்துட்டாரும்மா. நான் சொல்லியிருக்கணும். வாசல்ல வச்சு, வீட்ல மாசமா யாரும் இருக்காங்களான்னு கேட்டாரு. இல்லைன்னு சொல்லிட்டேன்." விடாமல் சொன்னேன். "எதிர்வீட்டம்மா நின்னாங்க. மூணு மாசம் ஆகலையே, சொல்லக் கூடாதேன்னு இல்லைன்னு சொல்லிட்டேன். நீ என்கிட்ட சொன்னியா சொல்லலையான்னும் எனக்குச் சரியாத் தெரியல."

"சொன்னேனேப்பா." கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்கே சொன்னேனே. அம்மா உங்ககிட்ட அப்படித்தானே சொன்னாங்க."

சுவரில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைப் பார்த்தாள்.

"அது என்னப்பா வெள்ளையா?"

"சோறு. ஒட்டிப் பார்த்தேன்."

"நாற்காலி மேல ஏறுனீங்களா?" சிரிப்புப்போல் ஒன்று வந்தது அவளுக்கு, வந்து பாதியில் நின்றது. "உங்க இடுப்புக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

கேட்டுவிடு, கேட்டுவிடு, அறுபத்தொன்பது வயதாகிறது, இனி எப்போது கேட்கப்போகிறாய். "டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

அவள் துண்டை மடித்தாள், அதை இன்னொரு மடிப்பு மடித்தாள். "துடிப்பு இருக்குப்பா. எனக்கும் கேக்க வச்சாங்க." நான் மூச்சு விடுவதற்குள் அவள் மேலே சொன்னாள், "ஆனா கொஞ்சம் மெதுவா இருக்காம். நூத்துப் பத்து. இன்னும் ஏறணும்னாங்க. அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. போன தடவையும் இப்படித்தான் ஒரு வாரம் சொன்னாங்க."

"போன தடவை துடிப்பு கேட்டுச்சா?"

"இல்லப்பா. போன தடவை கேக்கவே இல்ல."

"அப்ப இது வேற" என்றேன். எடைபோட்டவன் குரலில் சொன்னேன், என் குரல்தான் அது. நூற்றுப் பத்து. ஒரு நிமிஷத்துக்கு. ஒரு விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு. முழங்காலில் விரலால் தட்டிப் பார்த்தேன், தட்டித் தட்டி நான்தான் பின்தங்கிப் போனேன். அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இன்னும் கொஞ்சம் வேகமாப்பா" என்றாள்.

அப்போது குளவி வந்தது. வேணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அசையாமல் இருந்தோம். பரணுக்கு அடியில் இறங்கியது, சோற்றைத் தவிர்த்து, அரை சாண் தள்ளி, புது இடத்தில் நடந்து பார்த்தது. வாயில் மண் இல்லை. வெறும் வாய். மீசையால் சுவரைத் தட்டியது, திரும்பியது, கிழிந்த மூலை வழியாகப் போய்விட்டது.

நான் எழுந்தேன். "எங்கப்பா போறீங்க, சாப்பிட்டீங்களா இல்லியா?" என்று அவள் பின்னால் கேட்பது காதில் விழுந்தது. குளியலறையில் வாளி பாதி இருந்தது, அதை அப்படியே தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கறிவேப்பிலைத் தொட்டியில் மண் வெடித்துக் காய்ந்திருந்தது. ஒரு செம்பு, இரண்டு செம்பு, மண் குடித்துக்கொண்டே இருந்தது, மூன்றாவது செம்பில் மேலே நின்றது, நான்காவதில் விளிம்பு தாண்டித் தரையில் ஓடியது.

"மாமா, தொட்டி வழியுது" என்றார் மாப்பிள்ளை உள்ளேயிருந்து.

"வழியட்டும் மாப்பிள்ளை" என்றேன். "வேணிக்கு இது வேணும்."